பெட்டியும் பெட்டிக்குள் இருப்பதும்

ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் பள்ளியின் தமிழாசிரியை கேட்டபோது, “நான் எழுத்தாளன் அல்லன் அம்மா, பழுதான கணிப்பொறிகளைத் திறந்து மூடுகிறவன்” என்றேன். “அதையே எழுதுங்கள். நம் பிள்ளைகளுக்குக் கணிப்பொறியை ஓட்டத் தெரியும்; அது ஏன் நின்றுபோகிறது என்று தெரியாது. பெற்றோருக்கு இரண்டும் தெரியாது” என்றார். கடைசி வாக்கியத்துக்காகப் பெற்றோர்கள் என்னைக் கோபிக்க வேண்டாம். சொன்னவர் அவர்.

2005-ஆம் ஆண்டில் அஜ்மானுக்கு வந்தேன். பகலில் ஒரு நிறுவனத்தின் கணிப்பொறிப் பிரிவில் வேலை. மேசைக்கு மேசை சென்று, நின்றதை ஓடவைப்பதும், ஓடுவது நிற்காமல் பார்ப்பதும் என் பணி. மாலையில் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யாரேனும் ஒருவர் கையில் பையுடன் என் வீட்டு வாசலில் நிற்பார். ஏழு அமீரகங்களில் மிகச் சிறியது அஜ்மான். பரப்பு ஏறத்தாழ 260 சதுர கிலோமீட்டர்தான். நுஐமியாவில் ஒருவருக்கு அச்சுப்பொறியைச் சரிசெய்து கொடுத்தால், மறுநாள் ரஷீதியாவிலும் ஜுர்ஃபிலும் அச்சுப்பொறிகள் பழுதாகத் தொடங்கிவிடும்.

வருகிறவர் கொத்தனாராயினும் கணக்காளராயினும் சொல்லும் முதல் வாக்கியம் ஒன்றே: “நான் ஒண்ணும் பண்ணல தம்பி, அதுவா நின்னுடுச்சு.” இதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. மருத்துவரிடம் செல்லும் நோயாளி தாம் தின்ற மாம்பழத்தைப் பற்றி முதலில் சொல்வதில்லை அன்றோ? “கடைசியாக எப்போது நன்றாக இருந்தது?” என்று மட்டும் கேட்பேன். அந்த ஒரு கேள்விக்கு நேர்மையான விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. “வெள்ளிக்கிழமை வரைக்கும் நல்லா இருந்துச்சு, சனிக்கிழமை பையன் ஏதோ விளையாட்டு ஏத்தினான்” என்று விடை வரும்போது, பையனின் முகத்தை நான் பார்ப்பதில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பல வேளைகளில் ஒருமுறை அணைத்துப் போட்டாலே பொறி சரியாகிவிடும். “இதற்குத்தானா இவ்வளவு தூரம் வந்தோம்!” என்று வந்தவர் வெட்கப்படுவார். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. கணிப்பொறியின் நினைவகம் நாம் வேலை செய்யும் மேசையைப் போன்றது. திறக்கும் ஒவ்வொரு செயலியும் அதன்மேல் சில தாள்களைப் பரப்புகிறது. வேலை முடிந்த பின் எல்லாச் செயலிகளும் தம் தாள்களை ஒழுங்காகத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. நாள் கணக்கில் அணைக்காமல் விட்டால் மேசை நிரம்பி, புதிய தாள் வைக்க இடமின்றிப் பொறி திணறுகிறது. அணைத்துப் போடுவது என்பது மேசையை முற்றிலும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே. மந்திரம் ஏதுமில்லை.

இவ்வூரில் கணிப்பொறிக்கு மூன்று பகைகள் உண்டு: மணல், வெப்பம், கடற்காற்றின் ஈரம். மடிக்கணினியின் அடிப்பலகையைக் கழற்றினால், உள்ளே காற்றாடியின் இதழ்களில் நுண்மணல் கம்பளி போல் படிந்திருக்கும். காற்று போகாது, சூடு ஏறும், சூடு ஏறினால் பொறி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். “பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும்” என்று உரிமையாளர் முடிவு கட்டியிருப்பார். ஒரு தூரிகையும் பத்து நிமிடமும் போதுமானவை. ஆகஸ்டு மாதத்தில் குளிரூட்டிய அறையிலிருந்து கைப்பேசியை வெளியே கொண்டுபோனால், மூக்குக் கண்ணாடியில் படிவது போலவே அதன்மீதும் நீர் படியும். படக்கருவியின் கண் மங்கிவிட்டது என்று அஞ்ச வேண்டாம். சற்று நேரம் பொறுத்தால் தானே தெளியும். ஆனால் அதைக் காரின் முன்கண்ணாடி அருகே வெயிலில் விட்டுச் செல்வது வேறு. மின்கலம் உப்பிக் கைப்பேசியின் முதுகைப் பிளந்துகொண்டு வந்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை வெயிலில் உழைப்போருக்கு இந்நாட்டில் சட்டப்படி நண்பகல் ஓய்வு உண்டு. கைப்பேசிக்கு அந்தச் சட்டம் இல்லாதது ஒரு குறைதான்.

நான்காவது பகை ஒன்று உண்டு. அது நாம் ஊரிலிருந்து பெட்டியில் வைத்துக் கொண்டுவருவது. இந்தியச் சார்ஜரின் உருண்டை முனைகள் இங்குள்ள மூன்று பட்டைத் துளைகளில் நுழையா. உடனே நம்மவர் ஒரு பேனாவை எடுத்து மேல்துளையில் குத்தி, கீழே இரண்டு முனைகளையும் செருகிவிடுவர். அந்த மேல்துளை நிலத்தொடர்புக்கானது. அதில் நீண்ட முனை நுழைந்தால்தான் கீழ்த்துளைகளின் உள்மூடிகள் விலக வேண்டும் என்று, குழந்தைகளின் விரலைக் காப்பதற்காக அமைத்திருக்கிறார்கள். நாம் பேனாவால் வெல்வது அந்தக் காப்பைத்தான். சில திர்ஹாமுக்கு மாற்றி கிடைக்கிறது. மாணவர்களே, இன்றிரவு வீட்டில் எத்தனை பேனா முனைகள் கறுத்திருக்கின்றன என்று பாருங்கள்.

புதிதாக வந்தவர்களின் குறை ஒன்று உண்டு: “வாட்ஸ்அப்ல எழுத்து போகுது, பேச்சு போகல.” கைப்பேசியில் பழுதில்லை. இணையவழிப் பேச்சுக்கு இந்நாட்டில் அனுமதி பெற்ற செயலிகள் தனியே உள்ளன என்று சொல்லி, அவற்றுள் ஒன்றை ஏற்றிக் கொடுத்தால் போதும். இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்த இரண்டாம் நிமிடத்தில் ஊரிலிருந்து குரல் வந்ததும் அவர் முகம் மாறுவதைக் காண்பதற்காகவே, அந்த வேலையை நான் எவரிடமும் தள்ளிவிடுவதில்லை.

முதல் கேள்வியைச் சொன்னேன். நான் கேட்கும் இரண்டாம் கேள்வி, “உள்ளே என்ன இருக்கிறது?” என்பது. இதற்குப் பெரும்பாலோர் “ஒண்ணுமில்ல, சும்மா” என்றுதான் விடை தருகின்றனர். பெட்டியின் விலை அவர்களுக்குத் திர்ஹாம் கணக்கில் தெரியும். உள்ளிருப்பதன் விலை, அது போன பிறகே தெரிகிறது.

2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று பெய்த மழையை இங்கு எவரும் மறக்கமாட்டார். 1949-இல் பதிவுகள் தொடங்கிய நாள் முதல் இந்நாடு கண்டிராத மழை அது. அல் ஐன் வட்டாரத்தில் கத்ம் அல் ஷக்லா என்னும் இடத்தில் ஒரே நாளுக்குள் 254 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்தது. அஜ்மானிலும் சார்ஜாவிலும் பல தெருக்களில் நாள் கணக்கில் நீர் நின்றது. நீர் வடிந்த பின் என் வீட்டு முன்னறை, ஈரக் கணிப்பொறிகளின் மருத்துவமனையாயிற்று. தரைத்தளக் கடைகளில் கணிப்பொறிப் பெட்டியை மேசைக்கடியில் தரையில் வைப்பதே வழக்கம். ஆகவே முதலில் மூழ்கியவை அவையே.

அவற்றுள் ஒன்று மலையாளி ஒருவரின் பகாலாவிலிருந்து வந்தது. அந்தக் கட்டடத்திலும் அக்கம்பக்கத்திலும் உள்ள தொழிலாளர் பலர் அவரிடம் கடன் சொல்லிப் பொருள் வாங்குவோர். சம்பள நாளில் தீர்ப்போர். பழைய கடன் புத்தகத்தை விட்டுவிட்டு, முந்தைய ஆண்டுதான் அவர் கணிப்பொறிக்கு மாறியிருந்தார். இருநூறு பேருக்கு மேற்பட்டோரின் பாக்கி அந்த ஒரே பெட்டியில் இருந்தது. நல்வேளையாக அவர் அதற்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கவில்லை. அதுவே பெட்டியைக் காத்தது. நீர் பட்ட பொறியைப் பெரும்பாலும் கொல்வது நீர் அன்று. நீர் இருக்கும்போதே பாயும் மின்சாரமும், நீர் உலர்ந்த பின் அது விட்டுச்செல்லும் உப்பும் சேறுமே. நனைந்ததும் செய்யத்தக்கது ஒன்றுதான்: மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்னும் ஆசையை அடக்குவது. அரிசி மூட்டைக்குள் புதைப்பதால் பயனில்லை. அரிசி மாவு துளைகளில் ஏறுவதுதான் மிச்சம்.

வன்தட்டை வெளியே எடுத்து, சேற்றைத் தூய்மையான நீராலும் பின் ஆல்கஹாலாலும் துடைத்து, நான்கு நாள்கள் உலரவிட்டேன். அந்த நான்கு நாள்களில் கடைக்காரர் தினமும் வந்து அதைப் பார்த்துச் சென்றார். ஐந்தாம் நாள் மற்றொரு கணிப்பொறியில் இணைத்தபோது தட்டு சுழன்றது. கணக்கு முழுவதும் கிடைத்தது. அவர் அப்போது சொன்ன செய்திதான் எனக்கு வியப்பு. கணக்கு அழிந்துவிட்டது என்று தெரிந்ததும், சிலர் தாமாக வந்து தம் பாக்கியைச் சொல்லிவிட்டுப் போனார்களாம். சிலர் அந்தத் தெருவில் நடப்பதையே நிறுத்திவிட்டார்களாம். பின்னர் ஒத்துப் பார்த்தபோது, தாமாகச் சொன்னவர்களின் தொகை பெரும்பாலும் ஒரு திர்ஹாம் கூடப் பிசகவில்லை. இப்போது அவரிடம் கணிப்பொறியும் உண்டு, பழைய கடன் புத்தகமும் உண்டு. நான் தடுக்கவில்லை.

எல்லாம் இவ்வாறு மீண்டுவிடுவதில்லை. இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர், தொழிற்பேட்டையில் பற்றவைப்பு வேலை செய்பவர், கீழே விழுந்து உயிரற்றுப்போன கைப்பேசி ஒன்றைக் கொண்டுவந்தார். புதிய கைப்பேசி அவரிடம் இருந்தது. “இத ஓட வைக்க வேணாம் சார். உள்ள அம்மா பேசினது இருக்கு, அது மட்டும் வேணும்” என்றார். அந்த அம்மையாருக்கு எழுதத் தெரியாது. ஆகவே நான்கு ஆண்டுகளாக மகனுக்குக் குரலையே பதிந்து அனுப்பியிருக்கிறார். அவர் மறைந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

கைப்பேசியின் உட்பலகையே முறிந்திருந்தது. எனக்குத் தெரிந்த தேர்ந்த தொழிலாளி ஒருவரிடம் அனுப்பினேன், அவரும் கைவிரித்தார். இணையத்தில் ஒரு நகல் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கை 2017-இல் ஊரில் தொடங்கிக் கொடுத்தவன் அவருடைய அக்காள் மகன். கடவுச்சொல் எவருக்கும் நினைவில்லை. அதை மீட்பதற்கான எண் அவருடைய இந்தியக் கைப்பேசி எண். இங்கு வந்த பின் அதற்குப் பணம் போடாமல் விட்டுவிட்டார். இந்திய விதிப்படி 90 நாள்கள் பயன்படுத்தாமல் கிடக்கும் எண் செயலிழக்கக் கூடும். பிறகு அது வேறொருவருக்கும் வழங்கப்படும். அந்த எண்ணை அழைத்துப் பார்த்தோம். யாரோ ஓர் அம்மாள், கன்னடத்தில் பேசினார்.

மூன்று வாரம் முயன்றும் அந்தக் கதவு திறக்கவில்லை. கடைசியில் கிடைத்தவை, அவர் எப்போதோ தம் தங்கைக்கு அனுப்பிவைத்திருந்த இரண்டு பதிவுகள். ஒன்று பதினொரு வினாடி. “காசு வந்துருச்சுப்பா. இங்க மழ பேஞ்சுருக்கு. நீ சாப்பிட்டியா?” அவ்வளவே. அதை அவர் கைப்பேசியிலும், ஒரு சிறு நினைவுக் குச்சியிலும், தங்கையின் மின்னஞ்சலிலும் என மூன்று இடங்களில் பதிந்து கொடுத்தேன்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் பலர் வீட்டில் தந்தைக்கும் தாய்க்கும் கணக்குகளைத் தொடங்கித் தருகிறீர்கள். அப்போது அவசரப்பட்டு உங்கள் எண்ணையோ, ஊரில் பெட்டிக்குள் உறங்கும் எண்ணையோ போட்டுவிடாதீர்கள். அவர்களை அருகில் அமர்த்தி, அவர்கள் கையாலேயே கடவுச்சொல்லை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழிலேனும் எழுதச் செய்து, வீட்டுப் பத்திரங்களோடு வைக்கச் சொல்லுங்கள். தாளில் எழுதுவது ஆகாது என்று பாடநூல் சொல்லக்கூடும். என் வாசலுக்கு வந்தவர்களுள், பூட்டிய அலமாரித் தாளால் பொருள் இழந்தவரை நான் கண்டதில்லை. கைப்பேசியில் வந்த இரகசிய எண்ணை, “வங்கியிலிருந்து பேசுகிறோம்” என்ற குரலிடம் சொல்லி ஒரு மாதச் சம்பளத்தை இழந்தவர்களைக் கண்டிருக்கிறேன். 2025 ஜூலை முதல் இந்நாட்டு வங்கிகள் குறுஞ்செய்தி வழி இரகசிய எண்ணைப் படிப்படியாக விலக்கி, செயலி வழி ஒப்புதலுக்கு மாறத் தொடங்கின. வழி மாறினாலும், அந்தக் குரல் வேறு பெயரில் வரத்தான் செய்யும்.

இனி, தமிழ்ப் பள்ளிக்கே உரிய ஒரு பழுதைச் சொல்லுகிறேன். இலங்கைத் தமிழர் ஒருவர், மகளை நம் பள்ளி போன்ற ஒன்றில் சேர்த்திருப்பவர், குறுந்தகடு ஒன்றைக் கொணர்ந்தார். “தம்பி, இதுக்குள்ள வைரஸ் பூந்திட்டுது போல கிடக்கு. அப்பா எழுதினது முழுக்கப் பழுதாப் போச்சு” என்றார். அவருடைய தந்தையார் தெல்லிப்பழையில் பிறந்து வளர்ந்தவர். போரில் வீட்டை விட்டு வெளியேறி, 2003-இல் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தபோது தம் ஊரைப் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கணிப்பொறியில் எழுதிவைத்து மறைந்தார். வீடு இப்போது இல்லை. எழுத்து மட்டுமே உண்டு. திறந்து பார்த்தால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து பொருளற்ற குவியலாகத் தெரிந்தது.

முதல் வரியைக் கண்டதுமே எனக்கு மகிழ்ச்சி உண்டாயிற்று. நோய் ஏதுமில்லை. அது பாமினி.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் என்று ஆங்கிலத்துக்கு முன்பே வகுத்துவிட்டனர். தமிழுக்கு நடைமுறையில் இடம் இல்லாத காலத்தில் நம்மவர் ஓர் உத்தி கண்டனர்: ஆங்கில எழுத்தின் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் உருவத்தை மட்டும் தமிழாக வரைந்துவிடுவது. இலங்கைத் தமிழரிடையே பெரிதும் புழங்கிய பாமினி எழுத்துருவில், ஆங்கில ‘ஜே’ இருக்குமிடத்தில் ‘த’, ‘கே’ இருக்குமிடத்தில் ‘ம’, ‘பி’ இருக்குமிடத்தில் இகரக் குறி, ‘ஓ’ இருக்குமிடத்தில் ‘ழ’, அரைப்புள்ளி இருக்குமிடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. ஆகவே ‘தமிழ்’ என்று எழுதினால் பெட்டிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி இல்லாத கணிப்பொறி உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. நாம் அதை வைரஸ் என்கிறோம்.

ஊருக்கு ஒரு முறை, நிறுவனத்துக்கு ஒரு முறை என்று இத்தகைய எழுத்துருக்கள் அந்நாளில் பெருகின. அந்தக் குழப்பத்தினூடே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் போன்றோர் 1990களில் தமிழைக் கணிப்பொறியில் ஏற்ற உழைத்தனர். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் ‘தமிழ்99’ விசைப்பலகை அமைந்தது. அதில் ‘தம்பி’ என்று எழுத த, ம, ப, இ என நான்கு விசைகள் போதும். மகரமும் பகரமும் அடுத்தடுத்து வந்தால் புள்ளியைப் பொறியே வைத்துக்கொள்ளும். நம் மொழியின் இயல்பை அறிந்து செய்த வேலை அது. பிள்ளைகள் அதைப் பழகாமல் ஆங்கில ஒலியை வைத்தே தமிழைத் தட்டுவது எனக்கு வருத்தமே. எல்லா மொழிகளுக்கும் தனித்தனி எண்ணிடம் தரும் யூனிகோடு என்னும் ஒருங்குறியில் 1991-ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் அது வீட்டுக் கணிப்பொறிகளை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. தமிழக அரசு அதை 2010-இல்தான் ஏற்றது. இடைப்பட்ட காலத்தில் தமிழர் எழுதிக் குவித்தவை பல வீடுகளில் இன்னும் பழைய உடையிலேயே உறங்குகின்றன.

பாமினியை ஒருங்குறியாக மாற்றும் மென்பொருள் எளிதில் கிடைக்கிறது. சில நொடிகளில் பெரியவரின் முதற்பக்கம் திரையில் தெளிவாக எழுந்தது: பூவரசம் வேலி, படலை, கிணற்றடி, காங்கேசன்துறைக்குப் போகும் வண்டியின் ஓசை. மகன் நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு அமர்ந்தார். நான் தேநீர் போடச் சென்றுவிட்டேன்.

ஆனால் மாற்றியதில் அங்கங்கே பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்தும் வேலையை அவருடைய மகள், ஏழாம் வகுப்பு மாணவி, ஏற்றுக்கொண்டாள். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அச்சிட்ட தாள்களோடு வருவாள். ‘வளவு’ என்றால் வீட்டைச் சுற்றிய நிலம், ‘படலை’ என்றால் வேலியில் வைத்த கதவு என்று அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒருநாள் அவள், “மாமா, ‘இரவு அயடை வரும்வரை அப்பாச்சி விழித்திருப்பார்’ என்று தாத்தா எழுதியிருக்கிறார். அயடை என்றால் என்ன?” என்றாள். அவளுடைய தந்தைக்கும் தெரியவில்லை. பழைய யாழ்ப்பாணச் சொல்லாக இருக்கலாம் என்று கருதினார். அகராதியிலும் அது இல்லை.

தாளை வாங்கி எழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். அகரம் இருந்த இடத்தில் ‘எம்’, யகரத்தில் ‘ஏ’, ஐகாரக் குறியில் ‘ஐ’, டகரத்தில் ‘எல்’. பெரியவர் அந்த ஒரு சொல்லை மட்டும் ஆங்கில எழுத்தில் எழுதியிருக்கிறார். மென்பொருள் அதையும் பாமினி என்று எண்ணித் தமிழாக்கிவிட்டது. ‘மெயில்’. இரவில் கொழும்பிலிருந்து வடக்கே வரும் அஞ்சல் வண்டி. யாழ்ப்பாணத்துக்குப் போன அந்தப் பாதை 1990-இல் நின்று, 2014-இல்தான் மீண்டது. பெரியவர் எழுதிய நாளில் அந்த வண்டி அங்கே ஓடிக்கொண்டிருக்கவில்லை.

சிறுமி சிரித்தாள். பிறகு ‘அயடை’யை அடித்து, மேலே ‘மெயில் வண்டி’ என்று தன் கையெழுத்தில் எழுதினாள். இன்னும் நாற்பத்திரண்டு பக்கங்கள் இருக்கின்றன; தேர்வு முடிந்து வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.